வறள்நிலத்து இலைகள்

தமிழகத்தின் தென்பகுதியில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தினின்று கிழக்கே சரிந்து செல்லும் நிலப்பரப்பே விருதுநகர் மாவட்டம் ஆகும். பழைய இராமநாதபுர மாவட்டத்தினின்று 1985-ஆம் ஆண்டில் பிரிந்து இது தனி மாவட்டமாயிற்று. இதன் மேற்கெல்லையில் உள்ள இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் மலைச்சாரலின் குளிர்ச்சியைப் பெறும். அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல மரங்கள் அருகும், மண் கறுக்கும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து வானம் பார்த்த பூமி பரந்து கிடக்கும். வைப்பாறும் அர்ச்சுனாநதியும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறுகளாகவே காட்சி தரும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே இங்குப் பெய்யும். அதிலும் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி கார்த்திகைத் திங்களை ஒட்டி வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அம்மழை பொய்த்துவிடின், அடுத்த ஆண்டுவரை உழவன் வானை நோக்கியே வாழ வேண்டும்.

இவ்வறட்சியே மற்றொரு தொழிலுக்கு வாழ்வளித்தது. சிவகாசியைச் சேர்ந்த பெ. அய்ய நாடார், அ. சண்முக நாடார் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா நகரை அடைந்து தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றனர். மறு ஆண்டில் ஊர் திரும்பி அத்தொழிலைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றியது. இன்று இந்திய நாட்டில் வெடிக்கப்பெறும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் செய்யப்படுவதே. தீக்குச்சியின் மருந்தும் பட்டாசின் திரியும் விரைவில் உலர வேண்டும். உலர்ந்தவை மீண்டும் ஈரம் கொள்ளாதிருத்தல் வேண்டும். அதற்கு வெயிலும் வறண்ட காற்றும் துணை. வேளாண்மைக்குப் பகையாய் நின்ற வானமே கைத்தொழிலுக்கு நட்பாயிற்று.

ஆயினும், ஆலையின் முற்றத்தில் காயும் தீக்குச்சியை உலர்த்தும் அதே காற்றே வேலிக்கு அப்பால் நிற்கும் பருத்திச் செடியின் இலையையும் தழுவிச் செல்கின்றது. குச்சி சில மணி நேரத்தில் உலர்ந்து விடுகின்றது. இலையோ நாள்முழுதும் அக்காற்றிலும் வெயிலிலும் நின்றும் பசுமை மாறாது விளங்குகின்றது. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? இதனை ஆராய்வார்க்கு, இலை என்பது வெறும் பச்சைத் தகடன்று, வரவும் செலவும் அறிந்து வாழும் ஓர் உயிர்ப்பொருள் என்னும் உண்மை புலனாகும்.

வறண்ட காற்றுக்கு நீரை இழுக்கும் ஆற்றல் மிகுதி. தான் கொள்ளத்தக்க நீராவியில் பாதியளவே கொண்டுள்ள காற்று, ஈரமான பொருளினின்று நீரை இழுக்கும் விசையைக் கணக்கிட்டால், அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 900 மடங்கிற்கும் மேற்பட்டதாகும். சித்திரை வைகாசித் திங்களில் கரிசற்காட்டின் நண்பகற்காற்று இதனினும் வறண்டிருத்தல் உண்டு. இத்தகைய காற்றின் நடுவே ஈரத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின், இலை தன் உடல் முழுதையும் மூடிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறே இலையின் மேற்பரப்பு மெழுகு போன்ற ஒரு மெல்லிய போர்வையால் மூடப்பட்டுள்ளது. அப்போர்வை வழியே நீர் எளிதில் வெளியேறாது.

ஆனால், முற்றும் மூடிக்கொண்ட இலை பட்டினியால் மடியும். ஏனெனில், செடிக்கு உணவு சமைக்கும் அடுக்களை இலையே ஆகும். வேர் உறிஞ்சித் தரும் நீரையும், காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் இலை சர்க்கரையைச் சமைக்கின்றது. கரியமிலவாயுவோ காற்றில் மிக அருகியே உள்ளது. பதினாயிரம் பங்கு காற்றில் அதன் அளவு நான்கு பங்கிற்குச் சற்று மேல். அதனை உள்ளே கொள்ளும்பொருட்டு இலையில் நுண்ணிய வாயில்கள் அமைந்துள்ளன. இவற்றை இலைத்துளைகள் என்பர். பெரும்பாலும் இலையின் அடிப்பரப்பில், ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள இடத்தில், நூறு முதல் முந்நூறு வரை இத்துளைகள் காணப்படும். கண்ணுக்குப் புலனாகாத இவ்வாயில்கள் திறந்தவுடன் கரியமிலவாயு உள்ளே நுழைகின்றது. அதே நொடியில் உள்ளிருக்கும் ஈரம் வெளியே ஓடுகின்றது. உணவு வரும் வழியும் நீர் போகும் வழியும் ஒன்றே. உண்ண வாய் திறந்தால் தாகம். தாகத்திற்கு அஞ்சி வாய் மூடினால் பசி. உலகிலுள்ள ஒவ்வோர் இலையும் இவ்விரண்டிற்கும் இடையே நின்று நாள்தோறும் வழக்குத் தீர்த்துக்கொள்கின்றது.

இவ்வாறு நீர் ஆவியாய் வெளியேறுதலை நீராவிப்போக்கு என்பர். இதனை முதன்முதல் முறையாக அளந்தவர் இங்கிலாந்து நாட்டு ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். 1727-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடி ஒரு பகற்பொழுதில் சராசரியாக 20 அவுன்சு நீரை ஆவியாக வெளியிட்டது என அவர் குறித்துள்ளார். இது நம் கணக்கில் அரை லிட்டருக்கு மேற்பட்டது. செடி உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பகுதியே அதன் உடலில் தங்குகின்றது. ஏனையது முழுதும் இலை வழியே வானத்திற்குச் செல்கின்றது.

எல்லாப் பயிர்களும் ஒரே அளவில் நீரைச் செலவிடுவதில்லை. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்னும் இரு அறிஞர்கள் 1911-ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் பல பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, அவை பருகிய நீரை நிறுத்துக் கணக்கிட்டனர். ஒரு பங்கு உலர்ந்த பயிர்ப்பொருள் உருவாவதற்குச் சோளம் ஏறத்தாழ 300 பங்கு நீரையும், பருத்தி ஏறத்தாழ 600 பங்கு நீரையும், நெல் ஏறத்தாழ 700 பங்கு நீரையும் செலவிட்டன. குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் 800 பங்கிற்கும் மேல் செலவிட்டது. இவ்வளவுகள் இடத்திற்கும் காற்றிற்கும் ஏற்ப மாறுபடும். எனினும் ஒன்று தெளிவு. நெல் விளையாத கரிசற்காட்டில் சோளமும் கம்பும் நிலைபெற்றமை தற்செயலாக நேர்ந்ததன்று. எப்பயிர் எந்நீரில் வாழும் என்பதை, நிறுத்துப் பாராமலே, முன்னோர் விளைவைக் கண்டு அறிந்திருந்தனர்.

இனி, இத்துணை நீரும் வேரினின்று இலைக்கு ஏறும் வகையைக் காண்போம். அதனை அறிவதற்குத் தீக்குச்சியே போதும். கேரள நாட்டு மட்டிமரம், இலவமரம் முதலிய மென்மரங்களிலிருந்து சீவப்பட்டவை தீக்குச்சிகள். ஒரு குச்சியைக் குறுக்கே நறுக்கி உருப்பெருக்கியில் நோக்கினால், அதன் முகத்தில் நுண்ணிய துளைகள் தோன்றும். அவை அம்மரம் உயிரோடிருந்த காலத்தில் நீர் ஏறிச்சென்ற குழாய்களின் வாய்கள்.  தீக்குச்சி எரியும்போது, ஒரு காலத்தில் தண்ணீர் சென்ற வழியே தீ செல்கின்றது.

கிணற்று நீரை மேலிருந்து உறிஞ்சி எடுக்கும் பம்பு, ஏறத்தாழப் பத்து மீட்டர் ஆழத்திற்குக் கீழே பயன்படாது என்பதை உழவர் அறிவர். மரங்களோ அதனினும் பன்மடங்கு உயரத்திற்கு நீரை ஏற்றுகின்றன. அவற்றுள் பம்பும் இல்லை, ஓசையும் இல்லை. இதன் காரணம் யாது என்னும் வினா அறிஞர்களை நெடுங்காலம் மயக்கியது. செருமானிய நாட்டில் ஆராய்ந்த ஸ்ட்ராஸ்பர்கர் என்பவர், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அறுத்த மரங்களின் அடியை நச்சுநீரில் நிறுத்தினார். நஞ்சு ஏறி வழியிலுள்ள உயிரணுக்களைக் கொன்ற பின்னரும் நீர் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. எனவே நீரை ஏற்றுவது தண்டிலுள்ள உயிரணுக்களின் உழைப்பன்று என்பது விளங்கிற்று. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரைச் சேர்ந்த டிக்சன், ஜோலி என்னும் இருவர் 1894-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினர். நீரின் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் இயல்பின. இலையினின்று ஒரு துகள் ஆவியாய் வெளியேறும்போது, அதன் பின்னுள்ள துகள் இழுக்கப்படுகின்றது. அதன் பின் மற்றொன்று. இவ்வாறு இலையின் நுனி முதல் வேரின் நுனிவரை நீர் ஓர் அறாத கயிறு போல் மேலேறுகின்றது. கயிற்றை இழுப்பது கதிரவன் வெப்பமும் காற்றின் வறட்சியுமே ஆகும்.

நம் நாட்டுப் பேரறிஞர் சகதீச சந்திர போசு 1923-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வேறொரு கருத்தை மொழிந்தார். தண்டின் உயிரணுக்கள் நாடித்துடிப்புப்போல் துடித்து நீரை உந்துகின்றன என்பது அவர் கொள்கை. நீர் ஏறும் முறையைப் பொறுத்தவரை பிற்கால ஆராய்ச்சிகள் டிக்சன், ஜோலி ஆகியோரின் கருத்தையே உறுதிப்படுத்தின. ஆயினும், செடி தன் சூழலை உணர்ந்து அதற்கேற்ப மறுமொழி புரியும் என்று போசு காட்டிய உண்மை நிலைபெற்றுள்ளது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்த தொல்காப்பியர், அவற்றிற்குத் தொட்டுணர்வு உண்டு எனக் கொண்டமையும் இங்கு நினையத்தக்கது.

அவ்வுணர்வு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இலைத்துளையே ஆகும். ஒவ்வொரு துளையின் இருமருங்கும் உதடுகள் போன்ற இரண்டு காப்பணுக்கள் உள்ளன. காலையில் ஒளி பட்டவுடன் இவை பொட்டாசியம் என்னும் உப்புப்பொருளை உள்ளே ஈர்த்துக்கொள்கின்றன. அதனைத் தொடர்ந்து நீரும் உள்ளே புகுகின்றது. காப்பணுக்கள் பருத்து வளைகின்றன. நடுவே வாயில் திறக்கின்றது. பொட்டாசியம் வெளியேறினால் நீரும் வெளியேறும், உதடுகள் தளர்ந்து ஒன்றையொன்று பொருந்தும், வாயில் அடைபடும். கதவைத் திறப்பதும் நீரே, அடைப்பதும் நீரே என்பது வியப்பன்றோ!

மண் உலர்ந்துவிட்டது என்னும் செய்தி இவ்வாயில்களுக்கு எட்டுவது எவ்வாறு? இதற்கு விடை கிடைத்த வரலாற்றில் பருத்திக்கும் பங்குண்டு. பருத்தியில் இளங்காய்கள் உதிர்வதற்குக் காரணமான பொருள் யாது எனத் தேடிய அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா அறிஞர்கள், 1963-ஆம் ஆண்டில் முதிராத பருத்திக்காய்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே பின்னர் அப்சிசிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. காய் உதிர்வதில் எத்திலீன் என்னும் வாயுவே தலைமையானது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால், 1969-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கோதுமை இலையை வாடவிட்டு ஆராய்ந்தபோது, அவ்விலையில் அப்சிசிக் அமிலம் பன்மடங்கு பெருகியிருந்தமை தெரிந்தது. வறட்சிக்காலத்தில் இப்பொருள் செடியில் மிகும், காப்பணுக்களை அடையும், வாயில்களை அடைக்கச் செய்யும். ஊர்க்காவலன் பறையறைந்து கதவுகளை அடைக்கச் சொல்வது போன்றது இதன் செயல்.

கதவை அடைத்தால் நீர் எஞ்சும். ஆயினும் இழப்பும் உண்டு. கரியமிலவாயு வாராமையால் உணவு சமைத்தல் நின்றுவிடும். வியர்வை உடலைக் குளிர்விப்பதுபோல் இலையைக் குளிர்விப்பது நீராவிப்போக்கே ஆதலின், அது நின்றதும் இலை சூடேறும். கார்த்திகைத் திங்களில் மழை பின்வாங்கினால் பருத்திக்காட்டில் நிகழ்வது இதுவே. சமைக்கும் உணவு குறைகின்றது. செடி தான் தாங்கவியலாத சப்பைகளையும் பூக்களையும் இளங்காய்களையும் உதிர்த்துவிடுகின்றது. உதிர்ந்தவை உழவனின் கடனும் அவன் மக்களின் கல்விச் செலவுமாய்த் தரையில் கிடக்கின்றன. செடியின் நோக்கில் இஃது அழிவன்று. எஞ்சிய சில காய்களையேனும் முற்றச்செய்து விதையைக் காக்கும் முயற்சியாகும். பத்துப் பிள்ளைகளையும் இழப்பதினும் இரண்டைக் காத்தல் நன்று என்று அது முடிவு செய்கின்றது.

கரிசல் மண்ணின் இயல்பும் இங்கு அறியத்தக்கது. அம்மண் மழைநீரை மிகுதியாக உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும். ஆனால் அதன் நுண்டுகள்கள் நீரை மிக இறுகப் பற்றிக்கொள்ளும். மண்ணில் ஈரம் இருந்தும், வேர் அதனைப் பறிக்க மாட்டாத நிலை ஒன்று உண்டு. மேலும் உலருங்கால் கரிசல் ஆழப் பிளக்கும். அப்பிளவுகள் வேரை அறுப்பதோடு அடிமண்ணின் ஈரத்தையும் வெயிலுக்குக் காட்டிக்கொடுக்கும். ஆகவே தேர்ந்த உழவன் இலையை நோக்கியே மண்ணை அறிகின்றான். நண்பகலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அவன் அஞ்சுவதில்லை. வேர் தருவதினும் காற்று பறிப்பது மிகுதி என்பதே அதன் பொருள். விடியற்காலையிலும் இலை துவண்டே இருக்குமாயின், இரவு முழுதும் பருகியும் செடியின் தாகம் தீரவில்லை என்பதை அவன் உணர்ந்துகொள்வான்.

வறட்சியை எதிர்கொள்ளும் முறை எல்லா இலைக்கும் ஒன்றன்று. தமிழ்மொழி இவ்வேறுபாட்டை நுட்பமாக உணர்ந்துள்ளது. வேம்பிற்கும் புளிக்கும் இலை என்றும், சோளத்திற்கும் கரும்பிற்கும் தோகை என்றும், பனைக்கும் தென்னைக்கும் ஓலை என்றும், கற்றாழைக்கு மடல் என்றும் வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. உருவம் வேறாதலின் பெயர் வேறாயிற்று. நீரைக் காக்கும் வழி வேறாதலின் உருவம் வேறாயிற்று.

வேப்பமரம் காலமறிந்து துறக்கும் இயல்பினது. மாசித் திங்களை ஒட்டித் தன் முதிர்ந்த இலைகளை அது உதிர்த்துவிடும். பின்னர்க் கோடையின் கொடுமை முற்றுமுன்னே புதுத்தளிர் போர்த்துக்கொள்ளும். ஆழத்தில் சென்ற வேர் அதற்கு வேண்டும் நீரை ஈட்டித் தருகின்றது. கருவேலமரமோ இலையைச் சிறுமையாக்கிக் கொண்டது. அதன் இலை மிகச் சிறு சிற்றிலைகளாகப் பிரிந்திருத்தலின், காற்று ஒவ்வொன்றையும் தழுவி அதன் வெப்பத்தை எளிதில் கொண்டு செல்லும். ஆதலால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அது மிகுதியாக நீரைச் செலவிட வேண்டுவதில்லை.

சோளத்தோகை தன்னைச் சுருட்டிக்கொள்ளும் திறம் வாய்ந்தது. தோகையின் மேற்பரப்பில் வரிசையாக அமைந்த பெரிய அணுக்கள் நீர் குறைந்தவுடன் சுருங்குகின்றன. தோகை நீளவாட்டில் குழல்போல் சுருள்கின்றது. வெயில் படும் பரப்புக் குறைகின்றது. அதன்மேல் பூசிய மெழுகும் துணைபுரிகின்றது. மழை வரும்வரை வளர்ச்சியை நிறுத்தி வைத்திருந்து, மழை பெய்தபின் மீண்டும் வளரும் பொறுமையும் சோளத்திற்கு உண்டு. ஆனால் வறட்சியில் வாடிய இளஞ்சோளப்பயிரில் நஞ்சு மிகும். பசியோடு வந்த மாடு அதனை மேய்ந்தால் மாண்டுபோதலும் நேரும். ஆதலின், வாடிய இளஞ்சோளக் கொல்லையில் உழவர் மாட்டை விடார்.

பனையோலை தடித்து, மெழுகு பூசி, விசிறிபோல் மடிந்து நிற்பது. பனைக்குப் பிற மரங்களுக்கு இல்லாத கட்டுப்பாடு ஒன்றுண்டு. வேம்பு முதலிய மரங்கள் ஆண்டுதோறும் பருத்து, புதிய நீர்க்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். பனை அவ்வாறு பருப்பதில்லை. இளமையில் அமைந்த குழாய்களே அதன் நெடிய வாழ்நாள் முழுதும் நீர் சுமக்க வேண்டும். ஆகவே, உள்ளதைப் பழுதின்றிக் காத்தலே அதன் வாழ்க்கை நெறி. அத்தகைய மரம் தமிழகத்தின் மாநில மரமாக விளங்குதல் பொருத்தமே.

கற்றாழை மடலும் பிரண்டைத் தண்டும் மேற்கொண்ட வழி எல்லாவற்றினும் விந்தையானது. இவை பகலில் வாயில்களை அடைத்துவிடுகின்றன. வெயில் தணிந்து காற்றுக் குளிர்ந்த இரவிலேயே அவற்றைத் திறந்து, கரியமிலவாயுவை உட்கொண்டு, புளிப்புப்பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. மறுநாட் பகலில், கதவை அடைத்துக்கொண்டு, அச்சேமிப்பைக் கொண்டே உணவு சமைக்கின்றன. இவ்வுண்மைக்கு வழிகாட்டிய செய்தி நம் நாட்டிலிருந்தே சென்றது. தரங்கம்பாடிக்குச் சமயப்பணியாளராக வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர அறிஞராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையில் அது மிகப் புளித்தது; நண்பகலில் சுவையற்றிருந்தது; மாலையில் சிறிது கசந்தது. இச்செய்தி 1815-ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. ஒருவர் நாவினால் அறிந்ததன் காரணத்தை விளக்க அறிவியலுக்கு நூறாண்டிற்கு மேலாயிற்று.

இவற்றிற்கு மாறானது சீமைக்கருவேலம். அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்ட இம்மரம் இன்று தென்மாவட்டங்களில் கண்மாய்களையும் தரிசுகளையும் கவர்ந்து நிற்கின்றது. இதன் வலிமை வேரில் உள்ளது. இதன் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேர் அமெரிக்க நாட்டு அரிசோனாவில், சுரங்கம் ஒன்றில், 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அடுத்த செடி வாடும் நாளிலும் ஆழத்து நீரைப் பருகித் தான் பசுமையாய் நிற்கும் மரம் இது. விறகும் கரியும் தந்து பல ஏழைக் குடும்பங்களைக் காத்தது என்பதும் உண்மை; நீர்நிலைகளை அடைத்துப் பிற மரஞ்செடிகளை ஒடுக்கியது என்பதும் உண்மை. 2017-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிடும் அளவிற்கு இதன் பரவல் மிகுந்தது.

வறட்சி எல்லை கடக்குமாயின் இலையின் எம்முயற்சியும் பயன்படாது போதலும் உண்டு. காற்று மேலே இழுக்க, மண் கீழே பற்ற, நடுவிலுள்ள நீர்க்கயிறு இறுகி இறுகி இறுதியில் அறும். அறுந்த இடத்தில் ஆவிக்குமிழி தோன்றிக் குழாயை அடைத்துவிடும். அவ்வாறு அறுங்கால் ஒரு சிறு வெடியோசை எழுகின்றது. மில்பர்ன், ஜான்சன் என்னும் அறிஞர்கள் 1966-ஆம் ஆண்டில் வாடும் ஆமணக்கிலையின் காம்பில் நுண்ணிய கருவியைப் பொருத்தி இவ்வதிர்வுகளை எண்ணினர். 2023-ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டு டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார், நீரின்றி வாடும் தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 வரை ஓசைகளை எழுப்புகின்றன என்றும், நீருண்ட செடியிலிருந்து அவ்வோசை மிக அரிதாகவே எழுகின்றது என்றும் வெளியிட்டனர். அவை மாந்தர் செவிக்கு எட்டாத அளவு நுண்ணிய ஒலிகள். சிவகாசியின் வெடியோசை நாடெங்கும் கேட்கும். அவ்வூரைச் சூழ்ந்த காடுகளில் கோடை நண்பகலில் எழும் வெடியோசையோ ஒருவர் காதிலும் விழுவதில்லை.

செவி கேளாததை அறிவு கேட்டல் வேண்டும். அதற்கெனவே இவ்வட்டாரத்தில் ஆராய்ச்சி நிலையங்கள் பல தோன்றின. அண்மையிலுள்ள கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றது. அருப்புக்கோட்டையில் மண்டல ஆராய்ச்சி நிலையமும், திருவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. வறட்சி தோன்றுங்கால் கயோலின் என்னும் வெண்களிமண்ணை நீரில் கலந்து இலைமேல் தெளித்தால், அவ்வெண்மை வெயிலைத் திருப்பி இலையின் சூட்டைக் குறைக்கும். பொட்டாசியம் சேர்ந்த உப்பைத் தெளித்தால், இலைத்துளைகள் செவ்வனே திறந்து மூடுவதற்கு அது துணையாகும். இடையுழவு செய்து மண்ணின் பிளவை மூடினால் அடியீரம் காக்கப்படும். கண்மாயைத் தூர்வாரிப் பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்கினால், பயிர் காய்பிடிக்கும் பருவத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்ச வழியுண்டாகும். அவ்வொரு தண்ணீர் ஓராண்டு உழைப்பைக் காத்தலும் உண்டு.

மழை வளம் குன்றுங்கால் குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும். பாலை என்பது தனியே படைக்கப்பட்ட நிலமன்று. நீரைக் காவாத எந்நிலமும் பாலையாகலாம் என்பதே அதன் குறிப்பு.

சிக்கனம் வேறு, இவறன்மை வேறு. வாயிலை என்றும் அடைத்தே வைத்த இலை நீரைக் காத்துப் பசியால் மடியும். என்றும் திறந்தே வைத்த இலை வயிறார உண்டு தாகத்தால் மடியும். வாழும் இலையோ திறக்கும் காலத்தில் திறக்கின்றது, அடைக்கும் காலத்தில் அடைக்கின்றது, தாங்கவியலாததைத் துறக்கின்றது, இரவில் ஈட்டிப் பகலில் உண்கின்றது. நீரை ஒருபோதும் செலவிடாதிருத்தல் சிக்கனம் ஆகாது. செலவிடும் ஒவ்வொரு துளிக்கும் ஈடாக உணவையோ கனியையோ விதையையோ பெறுதலே சிக்கனம். கரிசற்காட்டு இலைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுள்ள இப்பாடத்தை, அந்நிலத்து நீரைப் பங்கிட்டு வாழும் மக்களும் கற்பாராயின், வானம் பார்த்த பூமி வறுமையின் பெயராக நில்லாது அறிவின் பெயராக நிலவும்.